பார்த்ததை மட்டும் சொன்னவர்

என் அக்காவைக் கட்டிக்கொண்டவர், அதனால் எனக்கு அத்தான். அவர் வாயிலிருந்து ஒரு பதிலை வாங்குவது பெரும்பாடு. சிராங்கூன் ரோட்டுக்குக் கிளம்பும்போது ஜன்னல் பக்கம் நிற்கிறவரிடம், "மழை வருமா அத்தான்?" என்று கேட்பேன். வானத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "தேக்கா பக்கம் மேகம் கறுத்திருக்கு" என்பார்.

"அதான், வருமான்னு கேக்கிறேன்."

"மேகத்தைத்தான் பார்த்தேன்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது. குடை எடுப்பதும் எடுக்காததும் என் பாடு.

தேக்கா மார்க்கெட்டில் ஒரு மீன்காரர் எங்களுக்கு வாடிக்கை. ஒருநாள் புதிதாக வந்த ஓர் அம்மாவிடம் மீனைத் தள்ளிவிடப் பார்த்தவர், பக்கத்தில் நின்ற அத்தானைச் சாட்சிக்கு இழுத்தார். "நம்ம மீன் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க லா." அத்தான் யோசித்துவிட்டு, "போன வாரம் வாங்கினது நல்லா இருந்துச்சு. இதை நான் இன்னும் சாப்பிடல" என்றார். அந்த அம்மா அடுத்த கடைக்குப் போய்விட்டார். அதன் பிறகு பல மாதங்கள் அக்கா மார்க்கெட்டின் மறுகோடிக்குப் போய்த்தான் மீன் வாங்க வேண்டியிருந்தது.

அவர்கள் குடியிருந்த மாடியில் பக்கத்து அறைக்காரர் தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, "என்னைய உரிச்சு வெச்ச மாதிரி இருக்கான்ல?" என்று பூரித்தபோது, அத்தான் அவரையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், "உங்க காது இருக்கு" என்றார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

அக்காவுக்கு அவரிடம் பிடித்ததே அதுதான். ஐம்பதுகளின் நடுவில் அவர் பெண் பார்க்க வந்தபோது எனக்குப் பதிமூன்று வயது. அப்பா இல்லாத வீடு. அம்மா கதவோரம் நின்று, பையனின் படிப்பைப் பற்றித் தரகரிடம் கேட்டாள். தரகர் வாயைத் திறப்பதற்குள் இவர், "பள்ளிக் கடைசி கேம்பிரிட்ஜ் பரீட்சையில முதல் தடவை ஃபெயில். ரெண்டாவது தடவைதான் பாஸ்" என்றார். தரகர் அவர் தொடையைக் கிள்ளியதை நான் பார்த்தேன். பேச்சை மாற்றுவதற்காக, "பொண்ணு பிடிச்சிருக்கா?" என்று தரகரே கேட்டார்.

"பத்து நிமிஷம்தான் பார்த்திருக்கேன். அந்தப் பத்து நிமிஷத்துல பிடிச்சிருந்துச்சு."

திரைக்குப் பின்னால் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அவர்கள் கிளம்பிப் போனதும் அம்மா, "என்னடி ஆளு இது" என்று ஆரம்பித்தாள். அக்கா, "இவரையே பேசி முடிங்கம்மா" என்றாள்.

இருவரும் டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு மசாலாக் கடையின் மேல்மாடியில் ஒரே அறையில் குடியிருந்தார்கள். செங்குத்தான மரப்படி. சமையலறை கீழே, ஐந்து குடும்பங்களுக்கும் ஒன்று. நானும் அம்மாவும் இரண்டு வீடு தள்ளி இருந்தோம். அவர்களுக்குக் குழந்தை இல்லை. சாயங்காலங்களில் பாதி நேரம் நான் அங்கேதான் இருப்பேன்.

அத்தான் ஒரு ரேடியோ ஸ்டேஷனில் வேலை பார்த்தார். பாட்டுப் போடுகிற ஸ்டேஷன் இல்லை. வெள்ளைக்காரர்கள் நீ சூன் பக்கம், ரப்பர் மரங்களுக்கு நடுவே நடத்திய ஸ்டேஷன். இப்போது ஈசூன் என்கிறோமே, அந்த இடம். அந்தக் காலத்தில் வீடே கிடையாது. வானத்திலிருந்து வரும் சமிக்ஞைகளைப் பெரிய கம்பிகளால் பிடித்து, பேனா பொருத்திய ஒரு கருவியில் விடுவார்கள். காகிதச் சுருள் ஓட ஓட, பேனா ஏறியும் இறங்கியும் கோடு போடும். அந்தக் கோட்டை ஒவ்வொரு சென்டிமீட்டராக அளந்து அட்டவணையில் எழுதுவதுதான் வேலை. சுருளும் அட்டவணையும் இங்கிலாந்துக்குப் போகும்.

பள்ளி முடித்ததும் நானும் அங்கே விண்ணப்பித்தேன். ஸ்டேஷனுக்குத் தலைவரான வெள்ளைக்காரத் துரை அத்தானைக் கூப்பிட்டு, "உன் மனைவியின் தங்கையாமே, வேலைக்குத் தேறுவாளா?" என்று கேட்டாராம். "கணக்கு நல்லா வரும். அவசரப்படுவா. இந்த வேலை செஞ்சு நான் பார்த்ததில்ல, அதனால தெரியாது" என்று சொல்லிவிட்டு வந்து, அதை அப்படியே என்னிடமும் ஒப்பித்தார். ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. எப்படியோ வேலை கிடைத்தது. அவர் மேஜைக்கு எதிர்மேஜை.

அறுபதுகள் தொடங்கியபோதுதான் சாட்டிலைட் வந்தது. நீண்ட முட்டைபோன்ற பாதையில் பூமியை விட்டு வெகுதூரம் போய்த் திரும்புகிற ஒன்று. அதன் சமிக்ஞையைப் பிடிக்கிற இடங்களில் எங்கள் ஸ்டேஷனும் ஒன்று. பூமியின் காந்தம் வெளியே ரொம்ப தூரம்வரை பரவியிருக்கிறது. சூரியனிலிருந்து பிளாஸ்மா, மின்சாரம் ஏறிய ஒருவகை ஆவி, காற்றுபோல ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. காந்தம் அதைத் தடுத்து நிறுத்துகிற இடம்தான் எல்லை. எல்லைக்கு உள்ளே இருக்கும்வரை பேனா தரையோடு தவழும். சாட்டிலைட் எல்லையைத் தாண்டி வெளியே போனால் பேனா சட்டென்று மேலே ஏறும். எந்த நேரத்தில் ஏறியது என்று தெரிந்தால் எல்லை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

அக்காவுக்கு இதில் ஓர் ஆசை. பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள்.

"அந்த எல்லை எம்புட்டு தூரங்க?"

"நம்ம பூமி மாதிரி நாலஞ்சு பூமியை வரிசையா வெச்சா எட்டும்."

"அங்க என்ன இருக்கு?"

"பிளாஸ்மா அடிக்குதுன்னு துரை சொல்றாரு. நான் பார்த்தது பேனா ஏறினதைத்தான்."

"உங்களுக்கு வாயில என்ன, பூட்டா?" என்பாள் அக்கா. ஆனால் மறுநாளும் கேட்பாள்.

அந்த வருஷம்தான் அவளுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. முதலில் செருப்பு இறுக்கியது, பிறகு முகம் ஊதியது. பெரியாஸ்பத்திரியில் சோதித்துவிட்டுக் கிட்னி இரண்டும் கெட்டுவிட்டது என்றார்கள். அந்தக் காலத்தில் அதற்கு வைத்தியம் என்று பெரிதாக எதுவும் இல்லை. உப்பில்லாத சாப்பாடு, அளந்து குடிக்கிற தண்ணீர். அத்தான் அவளுக்கென்று ஒரு நோட்டுப் போட்டார். காலையில் எடை, குடித்த தண்ணீர், கணுக்காலின் சுற்றளவு எல்லாம் அதில் ஏறும். தையற்காரர்கள் வைத்திருக்கும் நாடாவை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து அவள் காலை அளப்பார்.

குவீன்ஸ்டவுனில் அரசாங்கம் கட்டிய ஃப்ளாட்டுக்கு அவர்கள் முன்பே எழுதிப் போட்டிருந்தார்கள். ஏழாவது மாடி என்று கடிதமும் வந்திருந்தது. சாவிதான் பாக்கி. படி ஏற முடியாமல் அறையிலேயே அடைந்து கிடந்த அக்காவுக்கு அந்த ஃப்ளாட்தான் பேச்சு, மூச்சு. லிஃப்ட் இருக்கும். யாருக்கும் காத்திருக்காமல் தன் அடுப்பில் தானே சமைக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அறையில் இருக்கும்போது, அத்தானைப் பார்த்து, "நான் அந்த வீட்டுல இருப்பேனாங்க?" என்று கேட்டாள்.

அம்மா அவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். நானும்தான்.

அத்தான் கையிலிருந்த கோப்பிக் குவளையைக் கீழே வைத்தார். "டாக்டர் ஆறு மாசம்னு சொன்னாரு. சாவி எட்டு மாசமாகும்னு கடுதாசியில போட்டிருக்கு" என்றார்.

அக்காதான், "சரி" என்றாள்.

அம்மா அவரை மாடிப்படிவரை துரத்திக்கொண்டு போனாள். "நீ இருப்பேன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் நாக்கு அழுகிடுமா? கட்டினவனா நீ?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். அவர் படியில் தலையைக் குனிந்து நின்றார். நான் என் பங்குக்கு, "நீங்க மனுஷனே இல்ல அத்தான்" என்றேன். அன்றிலிருந்து அம்மா அவரோடு பேசுவதை நிறுத்தினாள். நான் வேலையிடத்தில் மட்டும் பேசினேன்.

அடுத்து வந்தது அந்தச் சுருள் விவகாரம்.

அக்காவை வாரம் இருமுறை மத்தியானம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அதற்கு அத்தானுக்கு அரைநாள் அனுமதி கொடுத்திருந்தவர் துரை. விதியில் இல்லாத சலுகை, அவர் மனது வைத்ததால் கிடைத்தது. அப்படி இருக்கும்போது ஒருநாள் காலை வந்த பதிவில், பேனா ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. எண்ணிப் பார்த்தால் ஐந்து தடவை. துரை சுருளைப் பார்த்துவிட்டு, மின்னல் இடைஞ்சல் என்றார். எல்லை என்றால் ஒன்றுதான் இருக்க வேண்டும், கடைசி ஏற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள் என்றார்.

"மின்னல் கோடு ஊசி மாதிரி இருக்கும் சார். இது அப்படி இல்ல. கருவி சரியா ஓடுதுன்னு காட்டுற சோதனைக் குறியும் விழுந்திருக்கு" என்றார் அத்தான்.

"அப்படியானால் இது என்ன?"

"தெரியாது சார்."

"தெரியாது என்று நான் இங்கிலாந்துக்கு எழுத முடியுமா?"

"அஞ்சு தடவை ஏறி இறங்குச்சுன்னு எழுதலாம். அது தெரியும்."

துரையின் முகம் சிவந்தது. சுருளை எடுத்து என் மேஜையில் போட்டார். நான் அந்த அரைநாளை நினைத்தேன். அக்கா அவர் துணையில்லாமல் வெயிலில் திரிஷாவில், அந்தச் சைக்கிள் ரிக்‌ஷாவில், குலுங்கிக்கொண்டு போவதை நினைத்தேன். ஒரே ஓர் ஏற்றத்தை வைத்து அட்டவணையைச் சுத்தமாக எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டேன். துரை என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அது தபாலுக்குப் போகுமுன் சரிபார்க்கிறவர் அத்தான். என் எழுத்தில் அவர் எதையும் அடிக்கவில்லை. கீழே தன் பென்சிலால், காகிதத்தில் ஐந்து ஏற்றங்கள் உள்ளன, முதல் நான்கும் அட்டவணையில் சேர்க்கப்படவில்லை என்று எழுதி, ஐந்தின் நேரங்களையும் குறித்து, கையெழுத்திட்டு உறையில் போட்டு ஒட்டினார். தபாலில் சேர்த்துவிட்டுத் துரையிடமும் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தார். சொல்லாமல் இருந்திருந்தால் துரைக்குத் தெரிந்தே இருக்காது.

மறுநாளிலிருந்து அவருக்கு வேலை பேட்டரி அறையில். அமிலத்தை ஊற்றுவதும் பேட்டரிகளைத் துடைப்பதும்தான். அரைநாள் அனுமதியும் போனது. அம்மாதான் அக்காவைத் திரிஷாவில் ஏற்றிப்போனாள்.

ஸ்டேஷன் லாரியில் திரும்பும்போது நான் தாங்காமல் கேட்டேன். "உங்களுக்கு அக்காவை விட அந்தக் காகிதம் பெருசா?"

"இல்லம்மா" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "ஆனா நாலு ஏற்றம் இருக்கே" என்றார்.

அக்காவிடம் நடந்ததைக் கொட்டினேன். அவளும் சேர்ந்து அவரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டாள். மூச்சு வாங்கியது.

"அம்மாவும் நீயும் தெனம் காலையில வந்து, வீக்கம் வடிஞ்சிருக்கு, முகம் தெளிஞ்சிருக்குன்னு சொல்றீங்க. எனக்குத் தெரியும், அப்படி இல்லன்னு. நீங்க சொல்லச் சொல்ல எனக்குப் பயம்தான் வருது. போன மாசம் ஒருநாள் அவர் காலை அளந்துட்டு, கால் அங்குலம் குறைஞ்சிருக்குன்னாரு. அன்னைக்கு நான் ரெண்டு இட்லி சாப்பிட்டேன், ஞாபகம் இருக்கா? ஏன்னா அது நெசமாவே குறைஞ்சிருந்துச்சு."

நான் தலையணையை எடுத்து அவள் முதுகுக்குக் கொடுத்தேன்.

"என்னைய ஒருநாள் அழகா இருக்கேன்னு சொல்லியிருக்காருடி. கல்யாணமாகி ஒரு வருஷம் கழிச்சு. எனக்கு அது போதும்."

பிறகு, "அந்த அஞ்சு தடவை என்னன்னு யாராச்சும் கண்டுபிடிச்சா எனக்குச் சொல்லச் சொல்லு" என்றாள்.

ஆறு மாதம் என்றது ஐந்திலேயே நெருங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறுவரை பார்க்க விடுவார்கள். அத்தான் கையில் அமிலம் பட்ட வெள்ளைத் தழும்புகளோடு லாரியிலிருந்து நேராக வந்து நிற்பார். அக்கா பாதி நேரம் தூக்கத்திலேயே இருப்பாள், விழித்தால் ஃப்ளாட்டைப் பற்றித்தான் கேட்பாள். ஒரு வெள்ளிக்கிழமை, நான் பக்கத்துக் கட்டில்காரருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா கண் விழித்து, "சாவி வந்துச்சாங்க?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"வந்துடுச்சு" என்றார் அத்தான்.

சாவி வரவில்லை. அன்று காலைகூட நான் கேட்டிருந்தேன், வரவில்லை என்றுதான் சொன்னார்.

"போய்ப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"சமையலறையில காத்து வருமா?"

"நல்லா வரும்" என்றார். "ஜன்னல் பெருசு. நல்லா காத்து வரும்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். "அப்ப சீக்கிரம் பால் காய்ச்சிடலாம்" என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மணி அடித்ததும் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போனார்.

நான் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தேன். அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"சாவி வரலல்ல?"

நான் தலையணை உறையை நீவிக்கொண்டிருந்தேன்.

"அவர் நெசமாவே போய்ப் பார்த்திருந்தா, நான் போனப்ப காத்து வந்துச்சு, எப்பவும் வருமான்னு தெரியலன்னுதான் சொல்லுவாரு. நல்லா வரும்னு சொல்ற ஆளா அவரு?" அவள் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது கண்ணில் நீர். "எனக்காகப் பொய் சொல்லியிருக்காருடி. அவருக்கு எப்படி இருந்திருக்கும். வீடு வந்திருந்தாக்கூட எனக்கு இம்புட்டு சந்தோசம் இருந்திருக்காது."

"அவர்கிட்டச் சொல்லவா?"

"ஐயோ வேணாம். வாழ்க்கையில ஒரே ஒரு பொய் சொல்லியிருக்காரு. அதுவும் பலிக்கலன்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாரு. நான் நம்பிட்டேன்னே இருக்கட்டும். என் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். செவ்வாய்க்கிழமை காலை அவள் போய்விட்டாள். அத்தான் பேட்டரி அறையில் இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குத் தொலைபேசி வந்தது. எடுத்தவள் நான்தான்.

காரியமெல்லாம் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிய பிறகு, பழைய துரை ஊருக்குப் போய்விட்டார், புதியவர் வந்தார். இங்கிலாந்திலிருந்து அவருக்கு ஒரு கடிதம். அந்தக் காந்த எல்லை ஒரே இடத்தில் நிற்பதில்லையாம். சூரியக்காற்று பலமாக அடித்தால் உள்ளே ஒதுங்கும், தளர்ந்தால் வெளியே வரும். சாட்டிலைட் அங்கே போய்ச் சேர்ந்த நேரத்தில் எல்லைதான் அதைத் தாண்டித் தாண்டிப் போய் வந்திருக்கிறது. வேறொரு சாட்டிலைட்டின் பதிவிலும் இதே மாதிரி இருந்ததாம். எங்கள் அட்டவணையின் கீழே பென்சிலால் எழுதியது யார் என்று கேட்டிருந்தார்கள். புதிய துரை எல்லோரையும் வரவழைத்து அதைப் படித்துக்காட்டி, அத்தானைப் பழைய மேஜைக்கே வரச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை, என் கையெழுத்தும் அதே தாளில் இருந்தது.

அத்தான் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். "உங்க அக்கா இதைக் கேட்டிருந்தாளே" என்று மட்டும் சொன்னார்.

சாவி அதற்கடுத்த மாதம் வந்தது. அம்மா அதற்குள் அவரோடு பேசத் தொடங்கியிருந்தாள். "அவ ஆசைப்பட்ட வீடு, பாலாவது காய்ச்சுவோம்" என்று அவளே சொன்னாள். மூவரும் குவீன்ஸ்டவுனுக்குப் போனோம். லிஃப்டில் ஏழாவது மாடி. சுண்ணாம்பு வாசம் போகாத, ஒரு பாய்கூட இல்லாத வீடு. அம்மா கொண்டுவந்த மண்ணெண்ணெய் அடுப்பைச் சமையலறையில் வைத்துப் பற்றவைத்தாள். சுடர் ஆடாமல் நிமிர்ந்து எரிந்தது. ஜன்னல் சின்னது. எதிரே பத்துப் பதினைந்தடி தள்ளி அடுத்த கட்டடத்தின் சுவர்.

அத்தான் ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டினார். வெகுநேரம் நீட்டியபடியே நின்றார்.

"காத்து வரல" என்றார்.

அம்மா முன்னறையில் விளக்கேற்றப் போனாள். அத்தான் என் பக்கம் திரும்பாமலே கேட்டார். "அன்னைக்கு நீயும் அங்கதான் நின்ன. சாவி வந்துடுச்சுன்னு நான் சொன்னேனே. அவ நம்பினாளா?"

நான் செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. அதோடு, அக்கா சொன்னது சரி, இவர் தாங்கமாட்டார் என்றும் தோன்றியது.

"நம்பினா அத்தான்."

"முழுசாவா?"

"முழுசா. சந்தோஷமா இருந்தா."

இப்போது அவர் முகம் தெளியும் என்று பார்த்தேன். அவர் ஜன்னலைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டார். "அப்ப கடைசியில அவளை ஏமாத்தித்தான் அனுப்பியிருக்கேன்" என்றார்.

பால் பொங்கியது. அம்மா ஓடிவந்து அடுப்பை அணைத்தாள்.

அந்த வீட்டில் அவர் தனியாக ஐந்தாறு வருஷம் இருந்தார். சாப்பாடு கீழே கடையில். நான் போகும்போதெல்லாம் சமையலறைக் கதவு சாத்தியே இருக்கும். எனக்குக் கல்யாணமாயிற்று, பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைப் பார்க்க வந்தபோது அவரிடம் நான், "யார் சாயல் அத்தான்?" என்று வேண்டுமென்றே கேட்டேன். முன்பு போல எதையாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். குழந்தையை நெடுநேரம் பார்த்தார். அக்காவின் சாயல் என்று எல்லோரும் சொல்வதுண்டு. அவர் ஒன்றும் சொல்லாமல் குழந்தையைத் திருப்பிக் கொடுத்தார்.

அறுபதுகள் முடிகிற சமயத்தில் ஸ்டேஷனை மூடினார்கள். அவர் ஃப்ளாட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பினாங்கில் இருந்த அண்ணனிடம் போவது என்று முடிவு செய்தார். தஞ்சோங் பகார் ரயில் நிலையத்துக்கு வழியனுப்பக் குழந்தையோடு போனேன். ஒரு தகரப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், அவ்வளவுதான் அவர் சாமான். இனி எப்போது பார்ப்போமோ என்ற நினைப்பு வந்ததும், இத்தனை வருஷம் அடக்கியது வாயிலிருந்து வந்துவிட்டது.

"அத்தான், அக்கா நம்பல. சாவி வரலன்னு அவளுக்கு அப்பவே தெரிஞ்சிடுச்சு. நீங்க போனதும் என்கிட்ட சொல்லிச் சிரிச்சா. நீங்க அவளுக்காகப் பொய் சொன்னீங்கன்னு அவளுக்கு அம்புட்டு சந்தோஷம். வீடே வந்திருந்தாக்கூட இப்படி இருந்திருக்காதுன்னு சொன்னா. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

அவர் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நம்பினான்னு சொன்னே."

"பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

"உங்க மனசு ஆறும்னு."

"இப்ப எதுக்குச் சொல்றே?"

வாயைத் திறந்தேன். அதே பதில்தான் வந்து நின்றது. மூடிக்கொண்டேன்.

"கோவமெல்லாம் இல்லம்மா" என்றார். "ரெண்டும் நீ சொன்னதுதான். இதுல எது அவ சொன்னதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

நான் குழந்தையின் தலையில் கையை வைத்தேன். "இவ மேல சத்தியமா அத்தான்." அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, கையை மெதுவாக எடுத்துவிட்டார். "குழந்தை மேல எல்லாம் வேணாம்" என்றார். ரயில் ஊதியது. ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியே குழந்தைக்கு மட்டும் கையாட்டினார்.

பினாங்கிலிருந்து வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும். அண்ணன் வீட்டுச் சேதி, தன் உடம்புச் சேதி, நேற்று பெய்த மழை. பதில் எழுதும்போதெல்லாம் நான் கடைசியில் அதையே மறுபடியும் எழுதுவேன்: அக்கா நம்பவில்லை அத்தான், சிரித்தாள், சந்தோஷமாகத்தான் போனாள். மற்ற எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் எழுதுகிறவர், அந்த வரிக்கு மட்டும் எழுதியதே இல்லை.